தேத்தண்ணி நேரத்தில் அடைத்த ரொட்டி

இன்று காலை தேத்தண்ணி நேரத்தில், என்னோடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வமணி அக்காவுக்கு ரொட்டி தொண்டையில் அடைத்துக்கொண்டது.

இருமலும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிய ஊத்துங்க!" என்று சுற்றி நின்றவர்கள் கத்தி, வாயில் ஊற்றியும் விட்டார்கள்.

"ஊத்தாதீங்க, தள்ளுங்க!" என்று மேல் நிரையிலிருந்து ஓடி வந்தேன். முதலுதவிப் பயிற்சியில் சொல்லித் தந்தபடி குனியவைத்து முதுகில் அடித்தேன். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே அழுத்தி இழுத்தேன். என் கையிலேயே சாய்ந்துவிட்டார். படுக்கவைத்து நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஒருவழியாக ரொட்டித் துண்டு வந்தது. மூச்சும் வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை.

கொழுந்து லொறி வரும்வரை காத்திருந்து, அதில்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"மூளைக்கு ரொம்ப நேரம் காத்துப் போகலம்மா. பெருசா நம்பிக்கை வச்சுக்காதீங்க" என்றார் டாக்டர்.

வெளியே அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு விடுறாங்கதானே? அப்ப எந்திரிச்சிருவாங்கதானே?"

அவளை அக்காவின் கட்டிலருகே கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

திரும்பி வரும்போது தோட்டத்து ஆம்புலன்ஸைப் பார்த்தேன். உருள ஒரு சில்லும் இல்லாமல் கல்லின் மேல் நிற்கிறது. யாரோ அதன் மேல் கம்பளி காயப்போட்டிருக்கிறார்கள்.

உங்கள் தோட்டத்து ஆம்புலன்ஸில் என்ன காய்கிறது? சொல்லுங்கள்.