கூரை இல்லாதவளின் பீப்பாய்: வெக்ஸ்போர்ட்டிலிருந்து ரூஜ் வரை

பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்துகொண்டு மழைநீர் சேர்க்க ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் என் வாசலோரம் சில சாடிகள் இருக்கின்றன. மிளகாய், தக்காளி, ஒரு கறிவேப்பிலை. மேலே கூரை நீட்டிக்கொண்டிருப்பதால் மழை அவற்றைத் தொடாது. இந்த வசந்தத்தில் வீட்டுக்கார அங்கிள் வெளிப் பைப்பைப் பூட்டிவிட்டார். தண்ணீர் பில் கூடிவிட்டதாம். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் கீழ் ஒரு பீப்பாய் வைக்கலாமா என்று கேட்டேன்.

"பிள்ளை, நீர் வாடகைக்கு எடுத்தது கீழ்வீடு. கூரை என்ர," என்றார்.

மழைக்கும் சொந்தக்காரர் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த வாரமே என் பழைய தோழி கௌசி தன்னிடம் ஒரு பீப்பாய் மிச்சம் இருப்பதாகச் சொன்னாள். இருவரும் ஒரே பேக்கரியில் ஒரே ஷிஃப்டில் நின்றவர்கள். இப்போது அவளுக்கு நகரின் கிழக்குக் கோடியில், ரூஜில் சொந்த வீடு. முற்பணம் கணவன் வீட்டார் கொடுத்தது. உழைத்தால் உயரலாம் என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

ஜூன் மாதச் சனிக்கிழமை. காரில் இருபது நிமிடப் பாதை. எனக்கு லோறன்ஸ் பஸ், பிறகு மோர்னிங்சைட் பஸ், ஒரு மணிநேரத்துக்கு மேல். இரண்டு மணிநேரத்துக்குள் மாறினால் ஒரே ரிக்கற் போதும், 3 டொலர் 30 சதம்.

வீட்டின் இரு மூலையிலும் பீப்பாய்கள், வாயில் வலை, அடியில் பைப். அவற்றில் கௌசி 'நல்ல தண்ணி' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தாள். அவளுடைய கறிவேப்பிலை என் நெஞ்சளவு நின்றது. என்னுடையது முழங்காலைத் தாண்டவில்லை. வயிறு எரிந்தது.

அவளுடைய மாமியார் தேத்தண்ணி கொண்டுவந்தார். அதிலும் பொறாமை வந்தது.

"அன்ரி, எங்கட வீட்டில இப்பிடி ருசி வராது."

"எப்பிடி வரும் பிள்ளை? நீர் பைப்புத் தண்ணியில போடுறீர். நான் மூண்டு கிழமையா உந்த நல்ல தண்ணியிலதான் போடுறன்."

கௌசி கோப்பையைக் கீழே வைத்தாள். "ஐயோ மாமி, உது செடிக்கு!"

"பிறகேன் நல்ல தண்ணி எண்டு எழுதினீர்?"

"குளோரின் இல்லை எண்டு..."

"நல்ல தண்ணி எண்டா குடிக்கிற தண்ணி. ஊரில சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கொதிக்க வச்சனான்தானே?"

"கூரையில றக்கூன் பேண்டு வைக்குது மாமி! ஓட்டில தார் வேற. கொதிச்சா தார் போகுமே?"

மாமியார் உவர்க் கிணறுகள் உள்ள தீவுப்பகுதியில் பிறந்தவர். உவர்க்காத தண்ணீர்தான் அங்கே நல்ல தண்ணி. கௌசி சிறுவயதிலேயே கனடா வந்தவள், அவளுக்கு நல்லதென்றால் வெறும் நல்லது.

"உமக்கு ருசியாத்தானே இருந்தது?" என்று அன்ரி என்னைக் கேட்டார். ஓம் என்றேன். உண்மையைச் சொன்னால், கௌசியின் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அதுவும் நிலைக்கவில்லை. அவள் உடனே குடும்ப டொக்டரிடம் நேரம் எடுத்தாள், எழுத்தை அழித்து 'செடிக்கு மட்டும்' என்று இரண்டு மொழியிலும் எழுதினாள். அவளுக்குத் திருத்துவதற்கு ஒரு வீடு இருக்கிறது.

பீப்பாயோடு திரும்பும்போது பஸ் டிரைவரும் நம் ஆள்தான். "தங்கச்சி, உவருக்கும் ரிக்கற் எடுத்தனீரோ?" என்று பீப்பாயைக் காட்டிச் சிரித்தார்.

நீங்கள் வைப்பதென்றால்: கொதிக்க வைத்தாலும் குடிக்காதீர்கள். நுளம்பு முட்டையிடாதபடி வலை கட்டுங்கள். வேருக்கு ஊற்றுங்கள், இலையையும் காயையும் பைப்புத் தண்ணீரில் கழுவிச் சமையுங்கள். நிரம்பி வழிவது அத்திவாரத்திலிருந்து தள்ளி விழவேண்டும், ஒழுகினால் நனைவது பேஸ்மென்டில் இருப்பவர்தான். உறைபனிக்கு முன் வெறுமையாக்கிக் கவிழ்த்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

நான் வாங்கவில்லை. பீப்பாயைக் கண்டால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். "உதை உள்ள வையும்," என்றார் அங்கிள். இப்போது அதற்குள் என் குளிர்கால உடுப்புகள். இதை எழுதும்போது வெளியே மழை. குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர் என் யன்னலைத் தாண்டித் தெருவுக்கு ஓடுகிறது. கௌசி வீட்டில் நடந்தது பிழைதான். ஆனால் அப்படிப் பிழை விடுவதற்கும் ஒரு கூரை வேண்டும்.