கல் காத்த பாதை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமான காட்டில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. அதன் உச்சிப் பாறை முழுக்கப் பாசி. போன மழையில் அங்கே படம் எடுக்கப் போன ஒரு பெண் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள்; அவளைக் கொழுந்துச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தோம்.

தோட்ட மேனேஜரான தொரை அங்கே போகும் பாதையை மூடச் சொன்னார். மூன்று மொழியில் பலகை வைத்தோம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னாலேயே நின்று படம் எடுத்தார்கள். முள்கம்பி கட்டினோம், அறுத்துவிட்டுப் போனார்கள். வாச்சரான எனக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல், தண்ணீர் கொட்டும் பீலியடியில் குளிக்கும்போது நான் குதிகால் தேய்க்கிற கருங்கல்லைப் பெயர்த்து வந்து, பாதை நடுவே நட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் வந்தது. கூச்சலோடு இறங்கியவர்கள் கல்லைக் கண்டதும் அடங்கிவிட்டார்கள். முன்னால் வந்தவர் செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே, இதுக்கு மேல போகலாமுங்களா?"

"சாமி வழி விடலைங்க."

கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். வேன் வளைவு தாண்டியதும் தனியாக நின்று கைதட்டிச் சிரித்தேன். ஜெயித்துவிட்டேன்!

அதன்பிறகு ஒருவர்கூட அந்தப் பாறையில் ஏறவில்லை. தொரையே வந்து தேங்காய் உடைத்தார். கல்லுக்கு யாரோ சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார்கள்; தினமும் பூ இருக்கிறது. அது எந்தக் கல் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று அந்த வழியாகப் போனபோது என் கால் தானாக நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"குதிகால் தேச்சதை மனசுல வச்சுக்காத சாமி."