மரணக் கிணற்றுக்குப் பக்கத்து ஜாடிக்கடை

பீங்கான் வியாபாரத்தில் கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை. வாங்குகிறவர் விரல் முட்டியால் ஜாடியைத் தட்டுவார், ‘ணங்’ என்றால் எடுத்துக்கொள்வார், ‘டொக்’ என்றால் எங்கேயோ விரிசல் என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்.

சென்னையில் வருஷா வருஷம் நடக்கிற பெரிய பொருட்காட்சி முடிந்து, கொட்டகையெல்லாம் பிரித்தாகிவிட்டது. என் காதுக்குள் மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. எங்கேயாவது ஸ்டால் போட்டு உட்கார்ந்து அவதிப்பட்ட நீங்களாவது கேளுங்கள்.

வழியனுப்பு

எனக்குப் பிறவியிலேயே சின்னக் குரல். கடையில் நான் டீ கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால்தான் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் என்னை பேக்கிங்கில் போட்டிருந்தார்கள். வழக்கமாகப் பொருட்காட்சிக்கு விற்கப் போகிற பட்டறை அண்ணன் துபாய்க்குப் போய்விட, விற்கிற வேலையைக் கெஞ்சி வாங்கினேன். ஊறுகாய் ஜாடிகளை வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றியதும் முதலாளி செல்வராணி அக்கா சொன்னார்: “பாரு தம்பி, ஜாடி வித்துச்சுன்னா நீ இனிமே விக்கிற ஆளு. திரும்பி வந்துச்சுன்னா நீயும் வைக்கோலுக்கே திரும்பிடு.”

பக்கத்து வூடு

எங்கள் ஸ்டாலை ஒட்டி மரணக் கிணறு. பலகையால் கட்டிய ராட்சதப் பீப்பாய். அதன் உட்சுவரில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சுற்றுவார், ஜனங்கள் மேல் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வண்டி கிளம்பினால் என் ஜாடி மூடிகள் தானாகக் குதிக்கும். தட்டினால் ஒன்றும் கேட்காது. ஒரு அம்மா தட்டினார், காதில் வைத்தார், மறுபடி தட்டினார். “ஏந்தம்பி, ஊறுகா போடற ஜாடிதானே? இது ஏன் இப்பிடி உறுமுது?”

வெளியே போன ஜாடி

வேட்டி கட்டின பெரியவர் ஒருவர் காசைக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே போய்த் தட்டிப் பார்த்து வருவதாகச் சொன்னார். திரும்பி வருவேன் என்ற நம்பிக்கைக்கு மூடியை என்னிடமே விட்டுப் போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். டெல்லி அப்பளக் கடைக்காரர்தான் சேதி கொண்டுவந்தார்: “உங்க பெரியவரு ஜாடி ணங்குதுன்னு எடுத்துக்கிட்டாராம். மூடிக்காக இன்னொரு டிக்கெட்டு எடுக்க முடியாதாம், தட்டு போட்டு மூடிக்கிறாராம்.”

எல்லாரும் ஒரே நேரத்தில்

ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் கொஞ்ச நேரம் இன்ஜின் ஓயும். அதற்காக வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஜாடியோடு, முட்டியை மடக்கி ஓங்கியபடி, தீபாராதனைக்கு நிற்பதுபோல் நின்றார்கள். சத்தம் நின்றதும் எல்லோரும் ஒன்றாகத் தட்டிவிட்டார்கள். ணங், ணங், ணங், நடுவில் ஒரே ஒரு டொக். யாருடையது? திரும்பத் தட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஒவ்வொருவராக ஜாடியை இறக்கி வைத்தார்கள். கடைசியாக வைத்தவர் சொன்னார்: “டொக்குன்னது என்னுது இல்ல. இருந்தாலும் எதுக்கு வம்பு?”

கிணற்று விளிம்பில்

விற்றது கொஞ்சம், மிச்சம் மலை. வண்டி ஓட்டுகிற சலீம் பாய் மங்கலம்பேட்டைக்காரர் என்று தெரிந்தது. நம்ம பக்கத்து ஆளாச்சே, நடுவில் இன்னும் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓயவிடச் சொல்லலாம் என்று, காட்டிப் பேச ஒரு ஜாடியோடு படியேறினேன். அவர் சுற்றிக்கொண்டிருந்தார். கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. ஜாடியை நீட்டி ஆட்டினேன். விளிம்பில் நிற்பவர்கள் ரூபாய் நோட்டை நீட்டுவதும், அவர் ஓட்டிக்கொண்டே பறித்துக்கொண்டு போவதும் அங்கே வழக்கம். அது எனக்கு மறந்துபோனது. அடுத்த சுற்றில் என் கையில் ஜாடி இல்லை.

ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் ஜாடி. கைப்பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு சுற்றுகிறார். ஜனம் விசிலடிக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கீழே இறங்கி இன்ஜினை அணைத்தார். எங்கள் பக்கத்து ஆள் அல்லவா, கை தானாகப் போய்த் தட்டியது. ‘ணங்ங்ங்’ என்று அந்தச் சத்தமும் கிணற்றை ஒரு சுற்று சுற்றியது. அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார்: “வெறும் ஜாடியையா நீட்டறது? ஊறுகா எங்க தம்பி?”

ரவுண்டு போன ஜாடி

ஆட்டம் பார்த்த கூட்டம் அப்படியே என் ஸ்டாலில் இறங்கியது. ஒருத்தரும் தட்டவில்லை; எல்லோருக்கும் கிணற்றில் சுற்றிய ஜாடிதான் வேண்டும். அன்றிலிருந்து சலீம் பாய் ஆட்டம் தவறாமல் ஜாடி சுற்றிக் கொடுத்தார். நான் வாயே திறக்கவில்லை, விளிம்பில் நின்று நீட்டியதோடு சரி. கடைசி நாளில் ஒரு அக்கா ஜாடியைத் திருப்பித் தந்தார்: “ஒரு ரவுண்டு போனது வேணாம்பா, மூணு ரவுண்டு போனதா குடு.”

திரும்பி வந்தது

செல்வராணி அக்கா லாரியில் ஏறி வைக்கோலைக் கிளறினார். பெரியவரின் மூடி மட்டும் கிடைத்தது. எப்படி விற்றேன் என்று சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்ல வைத்தார். பிறகு அந்த மூடியை முட்டியால் தட்டியபடி யோசித்தார். “சரி, நீ விக்கிற ஆளுதான். அடுத்த வருஷம் அந்த பாய் வரலன்னா என்னா பண்ணுவ? போ, வண்டி ஓட்டக் கத்துக்க.”

ஆகவே, விற்பனையாளனாகப் பதவி உயர்வு பெற்ற நான், இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் ஊர் மணிமுத்தாற்று மணலில், விரிசல் விட்ட ஜாடி ஒன்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.