பின்னால் நின்று கூப்பிடுங்கள்

போன வாரம் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு போன். பின்னணியில் ஒரு குழந்தை வீல் வீலென்று அழுகிறது. பேசுகிற அம்மா கோமதியோ சிரிக்கிறார்! ஏன் சிரிக்கிறார்? அதற்கு முன், என் தலைக்கனம் இறங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஆப் செய்து பிழைக்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை, சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்க ஒரு ஆப். தவழ்கிறதா, கை நீட்டுகிறதா என்று கேள்விகள் வரும். 'ஆமாம்' என்று தொட்டால் பச்சை. எல்லாம் பச்சையானால் ஸ்க்ரீனில் பூ வேறு கொட்டும். பூ என் ஐடியா!

சோதித்துப் பார்க்க சங்கரன்கோவிலில் ஒரு அங்கன்வாடிக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் செல்வி டீச்சர். கோமதி தன் ஒரு வயது மகள் யாழினியோடு வந்தார். வீட்டிலேயே விசைத்தறி.

"தறி ஓடும்போதே அசந்து தூங்குவா சார். அவ்வளவு சமத்து" என்றார் பெருமையாக.

கடைசிக் கேள்வி — பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? கோமதி "யாழினி..." என்றபடியே தரையை இரண்டு தட்டுத் தட்டினார். குழந்தை சட்டென்று திரும்பிச் சிரித்தது. நானும் சிரித்தேன். பச்சை. பூ கொட்டியது.

செல்வி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், அவ தரையைத் தட்டுனாள்லா? தறிவீட்டுல யாரும் வாயால கூப்பிட மாட்டாவ. அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது. தரையைத் தட்டுவாவ, கையைக் காட்டுவாவ. பிள்ளை அந்த அதிர்வுலதான் திரும்புதோ என்னமோ. எங்க வீட்டுலயும் தறிதான்..." என்றவர் கோமதி பக்கம் திரும்பினார். "ஏட்டி, பிள்ளைக்குப் பின்னால நின்னு, எதையும் தட்டாம பேரை மட்டும் சொல்லு."

கோமதி பின்னால் போய் நின்று கூப்பிட்டார். குழந்தை கையிலிருந்த டப்பா மூடியையே உருட்டிக்கொண்டிருந்தது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்தது. குழந்தை திரும்பவில்லை.

"பயப்படாதட்டி. நாளைக்கே பெரிய டாக்டர்ட்ட காட்டுவோம். நானும் வாரேன்" என்றார் டீச்சர்.

சொன்னபடியே அவர்களோடு திருநெல்வேலிக்குப் போனார். காது கேட்பதில்தான் குறை. நல்ல நேரத்தில் கூட்டி வந்தீர்கள், காதுக்குக் கருவி வைத்துப் பழக்கினால் பேச்சும் வரும் என்றார்களாம் டாக்டர்கள்.

அன்றைக்கு டீச்சர் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால்? பூ கொட்டிய போனைப் பையில் போட்டுக்கொண்டு நான் சந்தோஷமாக பஸ் ஏறியிருப்பேன். ஏசி ரூமில் உட்கார்ந்து கேள்வி எழுதுகிறவனுக்குத் தறிவீட்டு இரைச்சல் எங்கே கேட்கும்? எனக்கும் அன்று காது சரியில்லைதான்.

இப்போது ஆப்பில் பூ கிடையாது. அந்தக் கேள்வியும் மாறிவிட்டது: 'குழந்தையின் பின்னால் நின்று, எதையும் தட்டாமல், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.' அது செல்வி டீச்சரின் கேள்வி. போனில் பல தடவை நன்றி சொல்லிவிட்டேன் டீச்சர்... எனக்குப் போதவில்லை. அதனால்தான் இங்கே, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

சரி, அந்த போனுக்கு வருகிறேன். குழந்தைக்குக் கருவி வைத்து அன்றுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"சார், தறியைப் போட்டதும் வீல்னு கத்திட்டா சார்! பிள்ளைக்குத் தறிச் சத்தம் கேட்டுட்டு சார்!"

முதலில் தறியை நிறுத்துங்கள் தாயே என்றேன். சமத்தெல்லாம் கிடக்கட்டும்... நீ நன்றாக அழு, யாழினி!