யோசேப்பின் பெயர் பொறித்த பித்தளை மூட்டு

தம்பி எப்படிச் செத்தான் என்று கேட்டால், எண்ணெய்க் குழாயின் வாய் கொன்றது என்பார் அல்பிரட். பள்ளிவாசல்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். 2012இல் தம்பி யோசேப்பின் எஞ்சின் குழாய் நடுக்கடலில் வெடித்து, படகு நின்றது. பக்கத்துப் படகில் நளீர் இருந்தான், அவனிடம் புதுக் குழாயும் இருந்தது. ஆனால் அவனுடையது வேறு கம்பனி எஞ்சின், வாய் பொருந்தவில்லை. கயிறு கட்டி இழுப்பதற்குள் அலை யோசேப்பின் படகைக் கற்பார்ப் பாறையில் அடித்துக் கவிழ்த்தது.

அடக்கம் முடிந்ததும் அல்பிரட் கராஜுக்குள் புகுந்தார். எந்தக் கம்பனிக் குழாயையும் மற்றதன் எஞ்சினில் மாட்ட உதவும் பித்தளை மூட்டுகளைக் கடைந்தார். ஒவ்வொன்றிலும் ‘யோசேப்பு’ என்று பொறித்தார். தம்பியின் முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு வந்த படகுக்காரர்களுக்குச் சோற்றோடு ஆளுக்கொன்று கொடுத்தார்.

“சண்டைக்காரக் கம்பனி ரெண்டுக்கும் கலியாணம் கட்டி வெச்சிட்டீங்களே அண்ணே,” என்றான் நளீர். சிரிக்கப் பார்த்து, அழுதான்.

மூன்று வருடம் கழித்து, யாரோ அதே மூட்டில் வேறு பெயர் அடித்துக் கொழும்பில் விற்பதாகக் கேள்விப்பட்டார். புத்தளத்துக்கு, சட்டத்தரணி ரிஃப்காவிடம் ஓடினார். காசு வேண்டாம், தம்பியின் பெயர் அதில் நின்றால் போதும் என்றார்.

“பேட்டன்ட் கேக்க முந்தி யாருக்கும் காட்டினீங்களா, அங்கிள்?”

“காட்டல்ல மிஸ். குடுத்தேன். எண்பது பேருக்கு.”

“எப்ப?”

“முப்பத்தோராம் நாளுக்கு.”

ரிஃப்கா பேனையைக் கீழே வைத்தாள். “ஊருக்கே குடுத்த சாமான் சட்டத்துக்குப் புதுசு இல்ல அங்கிள். ஒரு வருஷத்துக்குள்ள வந்திருந்தா ஏதும் செஞ்சிருக்கலாம்.”

“செத்த வீட்டுல இருந்துகொண்டு வக்கீலத் தேடுவேனா மிஸ்?”

2019இல் சிலாபத்தில் கடற்றொழில் அதிகாரிகள் வைத்த ஒரு கூட்டம். திருத்துகிறவர்களையும் படகுக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். எதிரும் புதிருமான இரண்டு கம்பனிகளும் ஒரே மேசையில் இருந்தன. இனி இரண்டுக்கும் ஒரே குழாய் வாய்; ஒருவர் மற்றவரிடம் உரிமைப் பணம் கேட்பதில்லை என்று அறிவித்தார்கள்.

அல்பிரட் எழுந்தார். “நல்ல வேலை மாத்தயா. அதுல ஒரு பேர் அடிக்க ஏலுமா? யோசேப்பு எண்டு. சின்ன எழுத்துல.”

அதிகாரி மரியாதையாகவே சொன்னார்: “பொது அளவுக்குப் பேர் வைக்கிறதில்ல ஐயா. இலக்கம் மட்டுந்தான்.”

பொருத்திக் காட்ட ஆள் கேட்டபோது கூட்டம் அல்பிரட்டை முன்னே தள்ளியது. ஒரு கம்பனியின் குழாய், மற்றதன் எஞ்சின். டக்கென்று பொருந்தி விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கழற்றினார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“சரிதானே ஐயா?” என்றார் அதிகாரி.

“ஓம். ஒரு செக்கன் வேல,” என்றார் அல்பிரட்.

குழாயை அவர் விடவில்லை. நளீர் வந்துதான் விரல்களைப் பிரித்தான்.