பாட்டெழுதியவர் யார்? விடையைத் தனியாக அனுப்பவும்

புதிர் போடுகிறவன் பிழைப்பு இருக்கிறதே, விடை தெரிந்தவன் “இது ஒரு புதிரா?” என்பான், தெரியாதவன் “இதெல்லாம் ஒரு புதிரா?” என்பான், நடுவில் நன்றி சொல்ல ஒரு ஆள் இருக்க மாட்டான். வாட்ஸப் குழு நடத்தி வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சோறு போடுவது என்னவோ கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடைதான். புதிர் நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. குழுவில் நாலு பேர்: நான், சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கும் தனபால், கரியாலூர்ப் பள்ளிக்கூடத்து ராமமூர்த்தி வாத்தியார், சங்கராபுரத்து இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சுப்பிரமணி. கர்நாடக சங்கீதத்தில் கிருதிகள் இயற்றிய பெரியவர்களின் பெயர்களை உடைத்து, திருப்பி, ஒளித்துவைத்து, தினம் காலையில் ஒரு புதிர் போடுவேன். அவர்களை நாங்கள் படுத்திய பாட்டுக்கு, அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பெயர் கிடைக்காத நாளில் ராகங்களில் கை வைப்பேன். “சங்கராபுரத்தில் ஊரைக் காலி பண்ணிவிட்டு நகையைப் போடு” என்றால், புரம் போய் ஆபரணம் வந்து, சங்கராபரணம். எல்லாம் இந்த லட்சணம்தான்.

விதி ஒன்றே ஒன்று. விடையைக் குழுவில் போட்டு அடுத்தவன் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது, எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இந்த விளையாட்டால் தனபால் மகள் கவிதாவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் யோக்கியதை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கண் பரிசோதனை

கரும்பு வெட்டு முடிந்து கையில் காசு புழங்கும் சமயத்தில்தான் என் கடைக்குக் கூட்டம் வரும். அப்படி ஒரு நாள் கிராமத்துக்காரர் ஒருவர் வந்தார். பரிசோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். படித்தார். பலகையில் இருந்த எழுத்துகளைப் பார்த்ததும் என் புத்தி வழக்கம்போல மேயப் போய்விட்டது. மறுநாள் புதிருக்கு ஒரு பெரியவரின் பெயரை எங்கே வெட்டுவது என்று பிடிபடாமல் இரண்டு நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப தெரியுதா? இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?” என்று வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. கையும் லென்ஸை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. மனுஷர் பொறுமைசாலி. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு எழுத்து நல்லா தெரியுதுங்க. நீங்கதான் போட்ட கண்ணாடியவே கழட்டிக் கழட்டிப் போட்டுக்கினு எங்கியோ பாக்கறீங்க.”

மலைப்பாதை வளைவு

கல்வராயன் மலையில் ராமமூர்த்தி வாத்தியாருக்கு சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு வளைவில். பள்ளிக்கூடம் போகும் வழியில் அங்கே வண்டியை ஓரங்கட்டுவார். புதிரைப் படித்துவிட்டு விரல் விட்டு எழுத்தை எண்ணுவார், முணுமுணுப்பார், தலையில் அடித்துக்கொள்வார். விடை கிடைத்துவிட்டால் பள்ளத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரிப்பார். தினமும் அந்தப் பக்கம் போகும் பஸ் அவர் அருகில் வரும்போது கொஞ்சம் மெதுவாகப் போகும். டிரைவருக்குத் தன்மேல் மரியாதை என்று வாத்தியார் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பஸ் நின்றேவிட்டது. பயணிகள் எல்லாம் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்க்க, கண்டக்டர் இறங்கி வந்து அவர் தோளில் பதமாகக் கை வைத்தார். “இன்னா சார், வூட்ல எதுனா பிரச்சனைங்களா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், மொதல்ல பள்ளத்த வுட்டு இப்பிடி தள்ளி வாங்க.”

கோயில் கச்சேரி

இவ்வளவு சொன்னவன் முக்கியமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை. எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் பாட்டு தெரியாது. பாடத் தெரியாதது இருக்கட்டும், கேட்கவே தெரியாது. எந்தப் பெரியவர் எந்த ஊர், பெயரில் எத்தனை எழுத்து, நடுவில் என்ன எழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அவர் பாட்டைக் காதருகே பாடினாலும் அடையாளம் தெரியாது. பஸ் போர்டைப் படித்தே ஊர் சுற்றிய கூட்டம் நாங்கள்.

சின்னசேலம் கோயிலில் ஒரு முறை கச்சேரி. நாமும் கேட்காமல் போனால் நன்றாக இருக்காது என்று முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தோம். முதல் பாட்டு பாதியில் சுப்பிரமணி என் பக்கம் சாய்ந்து, “காலைல போட்டியே, அதுக்கு ஒரு க்ளூ குடு” என்றான். நான் கொடுக்க, தனபால் அது அநியாயம் என்று சண்டைக்கு வர, பின்வரிசைக்காரர்கள் முறைக்க, நாலு பேரும் எழுந்து டீக்கடைக்குப் போனோம். ஒரு பெயரில் குறிலா நெடிலா என்று வாதாடி முடித்துத் திரும்பினால் மேடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மைக் செட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “உள்ள அத்தினி பாட்டும் முடிஞ்சிபோச்சி, நீங்க இன்னும் ஒரு பேர முடிக்கலயாங்க?”

சம்பந்தம் பேசியது

கவிதா சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனியில் ஆத்தூர்ப் பையன் ஒருவன். இருவருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். தனபாலுக்குச் சம்மதம். பையனின் அப்பாவுக்கும் எல்லாம் சம்மதம்தான், ஒரு குறை மட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவர் சங்கீதப் பைத்தியம். சங்கீத ஞானம் இல்லாத வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று போனில் இழுத்தாராம். உடனே தனபால், தானும் தன் சிநேகிதர்களும் சங்கீதத்திலேயே ஊறியவர்கள் என்று அளந்துவிட்டிருக்கிறான். ஏண்டா இப்படிச் சொன்னாய் என்று கேட்டால், “பொய்யா சொன்னேன்? தெனமும் அந்தப் பெரியவங்க பேரச் சொல்லாம பல்லு வெளக்கியிருக்கோமா?” என்கிறான்.

பையன் வீட்டார் பெண் பார்க்க வரும் நாளில் நாங்களும் உடன் இருந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. கவிதா என் கண் முன்னால் வளர்ந்த பெண். அவள் கல்யாணம் எங்கள் நாலு பேர் வாயில் மாட்டிக்கொண்டதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் அவளே போன் பண்ணினாள். “சித்தப்பா, அப்பா இன்னா இன்னாவோ சொல்லி வெச்சிட்டாரு. நாளைக்கி நீங்கல்லாம் கேசரி சாப்புடுங்க, காபி குடிங்க, வாய மட்டும் தொறக்காதீங்க.”

பெண் பார்த்த நாள்

வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் அப்பாவே போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டார். ஒரு அம்மாள் உருக்கமாகப் பாடினாள். கண்ணை மூடிக் கேட்டு முடித்தவர், “இது யார் இயற்றின கிருதி? சொல்லுங்க பார்ப்போம்” என்றார். தனபால் என்னைப் பார்த்தான், நான் சுப்பிரமணியைப் பார்த்தேன். ராமமூர்த்தி வாத்தியார் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “விடைய எல்லார் முன்னாடியும் சொல்றது எங்க வழக்கமில்லைங்க. தனித்தனியாத்தான் அனுப்புவோம்” என்றார். தப்பித்தோம் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பாவோ, “அடடா, எவ்வளவு உயர்ந்த பழக்கம்! அப்படியே அனுப்புங்க” என்று நம்பரைக் கொடுத்துவிட்டார். நாலு பேரும் குனிந்து, வாய்க்கு வந்த பெயரைத் தட்டி அனுப்பினோம். அவர் போன் நாலு தடவை கூவியது. நாலும் நாலு பெயர். படித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காபித் தட்டோடு வந்த கவிதா தட்டைக் கீழே வைத்தாள். “மன்னிச்சிடுங்க மாமா. இவங்க யாருக்கும் பாட்டுன்னா இன்னான்னே தெரியாது. பேர வெச்சிப் புதிர் போட்டுக்கினு இருப்பாங்க, அவ்ளோதான். எங்க வூட்ல சீரியல் பாட்டத் தவிர வேற பாட்டு ஓடாது. எனக்கு உங்க பையனப் புடிச்சிருக்கு. அதுக்காக பொய் சொல்லிக் கட்டிக்க இஷ்டமில்ல.” மாப்பிள்ளைப் பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். எங்களால் நிமிர முடியவில்லை. இந்தப் பெண்ணுக்கு இருக்கும் தைரியம் எங்களில் ஒருவனுக்கு இருந்திருக்கக் கூடாதா என்று வெட்கமாகவே இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா அவள் பேசியதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி எழுந்து நின்றார். “அது கிடக்கட்டும்மா. அந்தப் பாட்டு நான் எழுதினது, காசு குடுத்து ஒரு அம்மாளைப் பாட வெச்சேன். எங்க வீட்ல ஒருத்தரும் அதைப் பாட்டுன்னே ஒத்துக்கலை. இங்க நாலு பேரும் நாலு மகான் எழுதினதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இப்பேர்ப்பட்ட ஞானஸ்தர்களை விட்டுட்டு நான் வேற எங்க போய்ச் சம்பந்தம் தேடுவேன்? பத்திரிகை அடிக்கச் சொல்லுங்க!”

கல்யாணம் முடிந்த கையோடு அவரும் எங்கள் குழுவில் சேர்ந்துவிட்டார், எந்தப் புதிர் போட்டாலும் விடையாகத் தன் பெயரையே அனுப்புகிறார், தனபாலின் சம்பந்தியாயிற்றே என்று நானும் அதைச் சரி என்றே அறிவித்துக்கொண்டிருக்கிறேன்.