ராத்தாவின் ஒளு

ஈயம் பூசிய செம்பு அது. ஒரு ஆள் ஒளு செய்யத் தாராளமாகப் போதும். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அதை நிறைத்து ஏந்திக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்து வேளை என் ராத்தாவுக்குக் காவல் நின்றிருக்கிறேன். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. அவளுக்கு இருபத்துமூன்று வயது, எனக்குப் பதினேழு. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து தோணிகள் பயமில்லாமல் கொழும்புக்குப் போய்வரத் தொடங்கியிருந்த காலம். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்துபோவார். அது எங்கள் வழக்கம். மச்சான் கொழும்பில் கடை வைத்திருந்தார்.

ராத்தாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து, நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்த மறுவாரமே காய்ச்சலில் இறந்துபோனது. அந்தக் குளிப்பில் எங்கேயோ ஒரு மயிரளவு நனையாமல் விட்டுவிட்டோம், சுத்தமில்லாத உடம்போடு பால் கொடுத்தோம், அதனால்தான் பிள்ளை போயிற்று என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவுகிற ஒளுவுக்கு நமக்கு எவ்வளவு நேரமாகும்? அவள் கழுவி முடிப்பதற்குள் அடுத்த வேளைக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோலுரிந்து கிடக்கும். அப்போதும் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "ஏளா, ஒளு கூடிருச்சா?" செல்லுபடியாகிவிட்டதா என்று கேட்கிறாள். கூடிருச்சு என்றால் முகம் தெளியும். அடுத்த நிமிஷமே மறுபடி கேட்பாள்.

வெட்கக்கேடு என்னவென்றால், முதல் ஆறு மாதம் நாங்கள் இதற்குப் பெருமைப்பட்டோம். மார்க்க விஷயத்தில் கவனமாக இருப்பதைப் பேணுதல் என்போம். "எம்புட்டுப் பேணுதலான பிள்ளை" என்று தெருப்பெண்கள் சொல்லச் சொல்ல உம்மா பூரித்துப்போவாள். என்னைப் பார்த்து, "அவ கால் தூசிக்குப் பெறுவியா நீ" என்பாள். ராத்தாவின் கையில் ரத்தம் கண்ட பிறகுதான் பயம் வந்தது. தாயத்துக் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஒரு வைத்தியர், தண்ணீரையும் தொழுகையையும் அடியோடு நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினோம். ராத்தா சோறு தின்னாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் மச்சானின் உம்மாவிடமிருந்து ஆள் வந்தது. பெருநாளைக்கு மகன் வருகிறான், அதற்குள் குணமாகாவிட்டால் அவனுக்கு வேறு பெண் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

கடைசியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு டாக்டரம்மாவை அழைத்துவந்தோம். கடற்கரை வேதக்காரக் குடும்பத்துப் பெண்; கிறிஸ்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ராத்தாவின் கைக்குக் களிம்பு போட்டபடியே ஒரு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்டார். பிறகு உம்மாவிடம், "புண்ணுக்கும் தூக்கத்துக்கும் நான் மருந்து தாரேன். ஆனா ஒளு கூடிருச்சுன்னு நான் சொன்னா இவ நம்புவாளா? யாரு சொன்னா நம்புவாளோ அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஊர்ப் பள்ளிவாசல் ஆலிம்சா வந்தார். கூடத்தில் திரை கட்டி, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். முதலில் அவரும் டாக்டரம்மாவும் வெகுநேரம் பேசினார்கள்; அவர் நோயைப் பற்றிக் கேட்டார், டாக்டரம்மா மார்க்கச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு ஆலிம்சா ராத்தாவிடம் சொன்னார்: "மகளே, இது பேணுதல் இல்ல. ஷைத்தான் மனசுல கிளப்புத சந்தேகம், ஊசாட்டம். ஒரு செம்புத் தண்ணி, அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. செம்பு காலியானா ஒளு கூடிருச்சு. எங்கயாச்சும் காஞ்சிருந்தா மறுமையில நான் பதில் சொல்லிக்கிடுதேன்." எங்களுக்கும் ஒரு கட்டளை இருந்தது. "அவ கேட்டா கூடும்னும் சொல்லாதிய, கூடாதுன்னும் சொல்லாதிய. செம்பு காலின்னு மட்டும் சொல்லுங்க."

நன்றாக ஓதுகிற பெண் என்று செம்பை என் கையில் கொடுத்தார்கள். முதல் வாரம் அழுதாள், கெஞ்சினாள். இரண்டாம் வாரம் கேள்வி பாதியாகக் குறைந்தது. நான்காம் வாரம் இரண்டு நாள் முழுக்கக் கேட்கவே இல்லை. "செம்பைப் பிடிச்சுப் பிடிச்சு உன் கை காச்சுப்போச்சேளா, மாப்பிள்ளை பயந்துருவான்" என்று என்னைக் கேலி செய்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் காலை என்னைப் பெண் பார்த்துப் போனவர்களிடமிருந்து பதில் வந்தது. அக்காளுக்கு அப்படியென்றால் தங்கைக்கும் அதே ரத்தம்தானே, வேண்டாம் என்றார்களாம். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது. மத்தியானத் தொழுகைக்குச் செம்போடு போய் நின்றேன். ராத்தா ஒளு முடித்தாள், செம்பு காலி. அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்ன பயம் வந்ததோ, மெதுவாகக் கேட்டாள்: "கூடிருச்சாளா?"

"கூடல. குதிகால் காஞ்சிருக்கு" என்றேன்.

குதிகால் காயவில்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவளை நோகடிக்க வேண்டும் என்றே சொன்னேன். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. வாளியைப் பிடுங்கி, சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்கு வரைக்கும் காலில் இறைத்தாள், மயங்கி விழுகிற வரைக்கும்.

ஆலிம்சா மறுபடி வந்தார். ஊசாட்டம் என்று அவர் சொல்லத் தொடங்கியதுமே ராத்தா திரைக்கு இந்தப் பக்கமிருந்து, "என் மனசு சொல்லல ஆலிம்சா. பார்த்தவ சொல்லுதா" என்றாள். அவளும் சட்டம் தெரிந்தவள்தான். மனதில் எழுகிற சந்தேகத்தைத் தள்ளிவிடலாம், கண்ணால் கண்ட சாட்சியை எப்படித் தள்ளுவது? ஆலிம்சா என்னைக் கேட்டார்: "நீ பார்த்தியா மகளே?" உம்மா பக்கத்தில் நின்றாள். பொய் என்று சொல்லியிருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து, "பார்த்தேன்" என்றேன். அவர் எழுந்து போனார். அவர் சொன்ன சொல்லை ராத்தா பிறகு நம்பவில்லை.

மச்சான் வந்து நான்கு நாள் இருந்துவிட்டு, தலாக் சொல்லிப் போனார். கழுவுகிற வெறி சில வருஷங்களில் தானே ஓய்ந்தது. ஓய்ந்ததற்குக் காரணம், அவள் தொழுவதையே விட்டுவிட்டாள். நோன்பு வைப்பாள், ஏழைகளுக்குச் சோறு போடுவாள், என் பிள்ளைகள் நான்கையும் அவள்தான் வளர்த்தாள். நாங்கள் தொழும்போது மட்டும் கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்குத்தான் ஒளு கூடாதே" என்பாள், சாதாரணமாக. இன்று என் பேத்தி மனநல டாக்டருக்குப் படிக்கிறாள். நோயாளியின் நம்பிக்கையை அறிந்து நடத்த வேண்டும் என்று இப்போதுதான் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பேசுகிறாள். எங்கள் கூடத்தில் அன்றைக்கே நடந்தது, நான்தான் கெடுத்தேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ராத்தாவிடம் சொன்னேன். அவள் படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு காலையில் சொன்னேன். "ராத்தா, அன்னைக்கு உன் குதிகால் நனைஞ்சுதான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

என் கையைத் தடவிக்கொடுத்தாள். "நான் நிம்மதியாப் போகணும்னு இப்பப் பொய் சொல்லுதே. கூடிருச்சு கூடிருச்சுன்னு எல்லாரும் எனக்காகச் சொன்னாங்க. உண்மையைச் சொன்னவ நீ ஒருத்திதான்ளா."

இல்லை ராத்தா, அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்று குர்ஆனை எடுக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். எனக்காக நீ பொய்ச் சத்தியம் செஞ்சு பாவத்தைச் சுமக்காத" என்றாள்.